மண்ணுக்குள் மின்கம்பி: நீரை வெல்ல நடந்த இருநூறு ஆண்டுப் போராட்டம்

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுது. எங்கள் வீட்டு வாயிலில் வழக்கமாக வந்து நிற்கும் பசு ஒன்று, வாயிற்கதவை நெருங்கியதும் திடீரெனத் துள்ளிக் கால் மடங்கி விழுந்தது. எழுந்திருக்க முயன்றது, மீண்டும் விழுந்தது. அருகில் கம்பி எதுவும் தொங்கவில்லை. தெருக் கம்பத்திற்கும் அந்த இடத்திற்கும் நெடுந்தொலைவு. சட்டென்று ஓர் ஐயம் எழுந்தது. ஓடிச் சென்று வீட்டின் முதன்மை விசையை அணைத்தேன். பசு எழுந்து, நடுங்கியபடியே சென்றுவிட்டது.

மறுநாள் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தோம். வாயில் விளக்கிற்குச் செல்லும் கம்பி, ஒரு சாண் ஆழத்தில் ஓர் இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. இரு முனைகளையும் முறுக்கி, மின்காப்பு நாடாவைச் சுற்றி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையையும் கட்டி வைத்திருந்தது. பையை அவிழ்த்ததும் ஓர் ஆழாக்குத் தண்ணீர் கொட்டியது. செம்புக் கம்பி பச்சை நிறமாகப் பூத்துப் பொடிந்திருந்தது. அந்த இணைப்பைச் செய்தவர் வேறு யாருமல்லர், நான்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தில் முடித்த வேலை அது. பசு வந்த அதே வழியாகத்தான் பள்ளிப் பிள்ளைகளும் அன்றாடம் வீடு திரும்புகிறார்கள் என்ற எண்ணம் பல நாள் என் உறக்கத்தைக் கெடுத்தது.

நான் செய்த தவறு என்ன? நாடாவைச் சரியாகச் சுற்றாததா? பையை இறுக்கிக் கட்டாததா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது ஒரு சுவையான வரலாறு கிடைத்தது. இதே சிக்கலில் உலகின் தலைசிறந்த பொறியியல் அறிஞர்கள் பலர் ஒருமுறையேனும் தோற்றிருக்கிறார்கள். அவ்வரலாற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதற்கம்பி ஒரு வீட்டுத் தோட்டத்தில்

மண்ணுக்கடியில் மின்கம்பி புதைத்துச் செய்தி அனுப்பிக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர், லண்டனை அடுத்த ஹேமர்ஸ்மித் என்னுமிடத்தில் வாழ்ந்த பிரான்சிஸ் ரொனால்ட்ஸ். ஆண்டு 1816. இடம், அவருடைய வீட்டுத் தோட்டம். 525 அடி நீளமும் 4 அடி ஆழமும் கொண்ட அகழி ஒன்றைத் தோண்டினார். மரத்தால் ஒரு நீண்ட தொட்டி செய்து, அதன் உள்ளும் புறமும் கீல் பூசினார். அதனுள் கனத்த கண்ணாடிக் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அவற்றின் ஊடே கம்பியைச் செலுத்தினார்.

கண்ணாடி நீரை உறிஞ்சாது, மின்சாரத்தையும் கடத்தாது. ஆனால் 525 அடி நீளத்திற்கு ஒரே கண்ணாடிக் குழாய் செய்ய இயலுமா? இயலாது. ஆகவே குழாயும் குழாயும் சேருமிடங்கள் பல உண்டாயின. அவ்விடங்களில் ரொனால்ட்ஸ் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். சேருமிடத்தின் மேல் சற்று அகலமான சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றை உறைபோல் போர்த்தினார். அவ்வுறையின் இரு ஓரங்களையும் மென்மெழுகால் அடைத்தார். வெயிலிலும் குளிரிலும் குழாய்கள் நீண்டு சுருங்கும். விறைப்பாக ஒட்டினால் விரிசல் காணும். மெழுகு நெகிழ்ந்து கொடுக்கும். கம்பியைவிட இணைப்பே நோய்வாய்ப்படும் உறுப்பு என்பதை அவர் முதலிலேயே உணர்ந்திருந்தார்.

இங்கிலாந்தின் கடற்படைத் துறைக்கு இதனைக் காட்ட அவர் முன்வந்தபோது, எவ்வகைத் தந்தியும் இப்போது தேவையில்லை என்று மறுமொழி வந்தது. அவர் மனம் தளராமல் தம் சோதனைகளை 1823-இல் நூலாக வெளியிட்டார்.

பணம் மண்ணில் போன கதை

அடுத்த கட்டம் தந்தியின் காலம். 1837-இல் லண்டனில் குக், வீட்ஸ்டன் என்ற இருவர், யூஸ்டன் இரயில் நிலையத்திற்கும் கேம்டன் டவுனுக்கும் இடையே, பள்ளம் செதுக்கிய மரச்சட்டங்களில் கம்பிகளைப் பதித்துப் புதைத்தனர். பின்னர் பாடிங்டனிலிருந்து மேற்கு டிரேட்டன் வரை இரும்புக் குழாயினுள் கம்பி இட்டனர். இரும்பு வலியது, ஆயினும் உள்ளே இருந்த கம்பியின் உறை நீரில் கெட்டது. 1843-இல் அவ்வழியை ஸ்லவ் வரை நீட்டியபோது, கம்பிகள் மண்ணை விட்டுக் கம்பத்தின் மேல் ஏறிவிட்டன.

அதே ஆண்டில் அமெரிக்காவில் மோர்ஸ் என்பவருக்கு வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் வரை தந்தி அமைக்க அந்நாட்டு அரசு 30,000 டாலர் அளித்தது. கம்பிகளைக் காரீயக் குழாய்க்குள் இட்டுப் புதைப்பது அவர் திட்டம். அகழி வெட்டிக் குழாயைப் பதித்து மூடும் தனிவகைக் கலப்பை ஒன்றை எஸ்ரா கார்னல் என்பவர் செய்து கொடுத்தார். வேலை சில மைல் தொலைவு சென்றபின் சோதித்துப் பார்த்தால், மின்சாரம் மறுமுனைக்கு வரவில்லை; வழியிலேயே கசிந்துபோயிற்று. பணத்தில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. செய்தி வெளியே தெரிந்தால் மானம் போகும். கார்னல் வேண்டுமென்றே கலப்பையைப் பாறையில் மோதி உடைத்தார். கருவி பழுது என்று ஊரார் நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் மாற்றுவழி தேடினர். முடிவில் கம்பம் நட்டுக் கம்பி கட்டினர். 1844 மே 24 அன்று புகழ்பெற்ற அந்த முதற்செய்தி சென்றது மண்ணின் வழியே அன்று, காற்றின் நடுவே.

நம் நாட்டில் மதராஸ் துணியும் ஓடும்

நம் நாடும் இம்முயற்சியில் பின்தங்கியிருக்கவில்லை. கல்கத்தாவில் மருத்துவராகப் பணியாற்றிய ஓஷானசி 1839-இலேயே தந்திச் சோதனைகள் செய்தவர். ஹூக்ளி ஆற்றின் அடியே கம்பியைக் கொண்டுசெல்ல அவர் கையாண்ட முறையைக் கேளுங்கள். கம்பியின் மேல் தார் தோய்த்த நூலைச் சுற்றினார். அதனைப் பிளந்த பிரம்பினுள் வைத்தார். மீண்டும் தார்நூலால் வரிந்து கட்டினார்.

பின்னர் 1851-இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் துறைமுகம் நோக்கி அமைந்த தந்தி வழியில் ஒரு பகுதி நிலத்தடியில் சென்றது. அங்கே அவர் மெல்லிய கம்பியை நம்பவில்லை. இரும்புத் தண்டுகளையே ஒன்றோடொன்று பற்றவைத்துப் பயன்படுத்தினார். அத்தண்டின்மேல், உருக்கிய கீலில் தோய்த்த மதராஸ் துணியை இரண்டு சுற்றாகச் சுற்றினார். நம் பக்கத்துத் தறியில் நெய்த துணிக்கு இப்படியும் ஒரு பணி கிடைத்தது! பிறகு கூரை ஓடுகளை வரிசையாக மல்லாத்தி வைத்து, உருக்கிய குங்கிலியமும் மணலும் கலந்த குழம்பை அவற்றில் ஊற்றி, தண்டுகளை அதனுள் அமிழ்த்தினார். குழம்பு ஆறியதும் கல்லாக இறுகியது.

இம்முறையில் ஒரு பேருண்மை ஒளிந்திருக்கிறது. இணைப்பைச் சுற்றி வெற்றிடமே இல்லாதவாறு ஒரு குழம்பை ஊற்றி இறுக வைத்தால், நீர் புகுவதற்கு இடமிராது. இன்று கடைகளில் கிடைக்கும் பிசின் ஊற்றும் இணைப்புப் பெட்டியின் தத்துவமும் இதுவே.

முறுக்கு உழக்கில் பிழிந்த கம்பி

1843-இல் சிங்கப்பூர்ப் பகுதியிலிருந்து வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் ஒரு மரப்பாலைப் பற்றி லண்டனுக்குத் தெரிவித்தார். மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் மரம் அது; பாலின் பெயர் கட்டாபர்ச்சா. வெந்நீரில் இட்டால் களிமண்போல் இளகும், ஆறினால் தோல்போல் கெட்டியாகும், நீரை அண்டவிடாது.

ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் 1847-இல் இதனைக் கம்பிக்கு உறையாக்க ஓர் இயந்திரம் அமைத்தார். அதற்கு முன் கட்டாபர்ச்சாவைத் தகடாக்கிக் கம்பியின் மேல் மடித்து ஒட்டினர். ஒட்டிய தையல் வழியே நீர் புகுந்தது. சீமன்ஸ் செய்தது நம் வீட்டு முறுக்கு உழக்கு போன்றது. இளகிய பாலை அழுத்திப் பிழியும்போதே நடுவில் கம்பி வருமாறு செய்தார். தையலே இல்லாத உறை கிடைத்தது. இன்றும் உலகின் பெரும்பாலான கம்பி ஆலைகளில் இம்முறையே நடக்கிறது.

இக்கம்பியைக் கொண்டு 1849-க்குள் பெர்லினிலிருந்து பிராங்பர்ட் வரை, பெரும்பகுதி நிலத்தடியில் செல்லும் தந்தி அமைந்தது. ஆனால் அரசு அவசரப்படுத்தியதால் அகழியை ஆழமாகத் தோண்டவில்லை; மேலே பாதுகாப்பும் இல்லை. எலிகள் கடித்தன, மண்வெட்டிகள் வெட்டின, உறையில் கலந்த கந்தகம் செம்பைத் தாக்கியது. சில ஆண்டுகளிலேயே அவ்வழிகளும் பழுதுற்றன. ஆயினும் கட்டாபர்ச்சா வீண்போகவில்லை. காற்றும் ஒளியும் படாத கடலடியில் அது நீண்டநாள் உழைத்ததால், கடற்கம்பிகள் பெரும்பாலும் அதனையே போர்த்திக்கொண்டன.

நியூயார்க்கில் துள்ளிய குதிரைகள்

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். தந்தியில் ஓடுவது சிறு மின்னோட்டம்; கசிந்தால் செய்திதான் கெடும். விளக்கெரிக்கும் மின்சாரம் அப்படியன்று. கசிந்தால் உயிருக்கே இடர்.

எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்தை இயக்கினார். தெருவெங்கும் கம்பங்களும் கம்பிகளும் தொங்குவதை அவர் விரும்பவில்லை. எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்தார். 20 அடி நீள இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றினுள்ளும் அரைவட்ட வடிவச் செம்புத் தண்டுகள். அவை ஒன்றையொன்று தொடாதிருக்கக் கயிறு சுற்றி, நிலக்கீல், ஆளிவிதை எண்ணெய், பாரபின், தேன்மெழுகு ஆகியவற்றைக் காய்ச்சிய குழம்பை உள்ளே நிரப்பினர். ஆலையில் செய்த இக்குழாய்கள் நல்லவையே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைலுக்கு 5,280 அடி. 20 அடிக்கு ஓர் இணைப்பு என்றால், மைலுக்கு 264 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் தெருப்பள்ளத்தில், புழுதியிலும் ஈரத்திலும், மனிதக் கையால் செய்யப்பட்டது.

நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஒரு நாள் பிற்பகலில் ஒரு காவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆன் தெருவும் நாசா தெருவும் கூடும் மூலையில் ஏதோ விபரீதம் என்றார். எடிசனே அங்கு சென்றார். பெருங்கூட்டம் கூடியிருந்தது. அவ்வழியே வரும் குதிரை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓரிடத்தை மிதித்ததும் வெறிபிடித்ததுபோல் துள்ளிப் பாய்ந்தது. கூட்டம் ஆரவாரித்தது. எடிசனுக்குக் காரணம் புரிந்தது. இணைப்புப் பெட்டி ஒன்றில் கசிவு. தெருவுக்கடியில் நிலவறைகள் இருந்ததால் மின்சாரம் கீழே இறங்கிப் பரவ வழியில்லை. மேலே இருந்த மெல்லிய ஈரமண் படலத்தின் வழியாகவே பாய்ந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் அந்த மின்னழுத்தம் ஏறக்குறைய 110 வோல்ட்டுதான். நம் வீடுகளில் உள்ளதோ 230 வோல்ட்டு.

காலடி அழுத்தம்

குதிரையும் பசுவும் கம்பியைத் தொடவில்லை. பின் ஏன் அடிபட்டன? மாணவ வாசகர்கள் இதனை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும்.

கசியும் இடத்திலிருந்து மின்சாரம் ஈரமண்ணில் நாற்புறமும் பரவுகிறது. குளத்தில் கல் எறிந்தால் எழும் வட்ட அலைகளைப்போல், கசிவிடத்தைச் சுற்றி மின்னழுத்த வட்டங்கள் அமைகின்றன. நடுவில் அழுத்தம் மிகுதி. விலக விலகக் குறைவு. இந்த நிலத்தில் ஒரு காலை இங்கும் மறுகாலை அங்கும் வைத்தால், இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. இதனைக் காலடி மின்னழுத்தம் எனலாம்.

மனிதனின் காலடி குறுகியது. மாட்டின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் உள்ள தொலைவு அதைவிட மிகுதி. ஆகவே வேறுபாடும் மிகுதி. மேலும் மனிதனுக்கு மின்சாரம் கால்கள் வழியே செல்லும்போது, மாட்டுக்கோ அது நெஞ்சுப்பகுதியின் வழியே செல்கிறது. மழைக்காலத்தில் மின்கம்பத்தருகே மாடுகள் மடிவதன் காரணம் இதுவே. ஆனால் மனிதன் கால் இடறி விழுந்து கையை ஊன்றினாலோ, இரும்புக் கதவைப் பற்றினாலோ, நமக்கும் அதே நிலைதான்.

"மின்கசிவு இருந்தால் பியூஸ் போயிருக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். போகாது. பியூஸ் 5 ஆம்பியர், 10 ஆம்பியர் என்ற அளவைத் தாண்டினால்தான் உருகும். மண்ணின் வழியே கசிவது பெரும்பாலும் அதற்கு மிகக் குறைவு. மனிதனைக் கொல்வதற்கோ ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கே போதும். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வாயிலில் எமன் நின்றுகொண்டிருப்பான்.

கூம்பு வடிவ இணைப்பு

எடிசனுக்குப் பின் வந்த இளைஞர் பெராண்டி, லண்டனுக்கு வெளியே டெப்ட்ஃபோர்டில் மின்நிலையம் அமைத்து, 10,000 வோல்ட்டு அழுத்தத்தில் நகருக்கு மின்சாரம் கொண்டுவரத் துணிந்தார். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டி. அந்த அழுத்தத்தைத் தாங்கும் வடம் எங்கும் கிடைக்கவில்லை. தாமே செய்தார். ஒரு செம்புக் குழாயின்மேல் மெழுகில் தோய்த்த பழுப்புக் காகிதத்தைச் சுற்றி, அதன்மேல் இன்னொரு செம்புக் குழாயைப் போர்த்தினார். ஒவ்வொரு துண்டும் 20 அடி. மீண்டும் அதே மைலுக்கு 264 இணைப்புகள்!

பெராண்டி இணைப்புக்கு ஒரு புதுமுறை கண்டார். ஒரு துண்டின் முனையை நீண்ட கூம்பாகச் சீவினார். அடுத்த துண்டின் முனையில் அதே அளவு கூம்புக்குழி குடைந்தார். ஒன்றினுள் ஒன்றைச் செருகி அழுத்தினார். ஏன் கூம்பு? மின்சாரம் காப்புப் பொருளைத் துளைத்துச் செல்வதைவிட, இரு பரப்புகள் சேரும் இடுக்கின் வழியே ஊர்ந்து செல்வது எளிது. அவ்விடுக்கு நீண்டிருந்தால் ஊர்வது கடினம். சப்பையாக வெட்டி ஒட்டினால் இடுக்கின் நீளம் அரை அங்குலம். நீண்ட கூம்பாகச் சீவினால் அது பல மடங்கு. இதே காரணத்தால்தான் நல்ல இணைப்பாளர் இன்றும் காப்புறையை இணைப்புக்கு இருபுறமும் பல அங்குலம் நீட்டிப் போர்த்துகிறார்.

வெளிக்குழாய் மண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததால் ஆபத்தில்லை என்பதைக் காட்ட ஒரு துணிச்சலான சோதனையும் நடந்தது. மின்சாரம் ஓடும் வடத்தின்மேல் ஓர் உதவியாளர் உளியைப் பிடிக்க, மற்றொருவர் சம்மட்டியால் அடித்து உள்ளே இறக்கினார். பியூஸ் போயிற்று, ஆள் பிழைத்தார். நீங்கள் இதனைச் செய்து பார்க்க வேண்டா! ஆயினும் அதன் பாடம் பெரிது. வடத்தின் உலோக உறையை மண்ணிணைப்புச் செய்தால், கோளாறு நேரும்போது மின்சாரம் அந்நல்வழியே பெருகிச் சென்று பியூஸை உருக்கிவிடும். பெராண்டியின் வடங்களில் சில பகுதிகள் 1933 வரை உழைத்தன.

பின்னர் காகிதம் சுற்றிக் காரீயம் போர்த்திய வடங்கள் உலகெங்கும் வந்தன. அவற்றை இணைப்பதே ஒரு தனிக் கலையாயிற்று. காகிதம் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே இணைப்பாளர் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துக் காய்ச்சிய மெழுகில் போடுவார். சடசடவென நுரைத்தால் ஈரம் உண்டு என்று பொருள்; அந்த முனையை வெட்டிவிட்டு, நுரைக்காத இடம் வரும்வரை பின்னோக்கிச் செல்வார். நாம் அப்பளம் பொரிக்கையில் எண்ணெய் பதம் பார்ப்பதில்லையா, அதுபோல. அதன்பிறகே இணைத்து, காரீய உறையை உருக்கித் துடைத்து மூடி, உள்ளே கீல் ஊற்றுவார். கையின் வியர்வைகூட அவருக்குப் பகை.

மூச்சுவிடும் இணைப்பு

இப்போது என் பிளாஸ்டிக் பைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் அதில் ஓட்டையே இல்லை. பின் ஆழாக்குத் தண்ணீர் எப்படி வந்தது?

விளக்கு எரியும்போது இணைப்பு சூடாகிறது. உள்ளே உள்ள காற்று 30 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்கு ஏறுவதாகக் கொள்வோம். அதன் பருமன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருகும். மிகுந்த காற்று நாடாவின் இடுக்கு வழியே வெளியேறும். விளக்கை அணைத்ததும் காற்று குளிர்ந்து சுருங்கும், வெளியிலிருந்து உறிஞ்சும். வெளியே இருப்பது ஈரமண். ஆகவே காற்றுக்குப் பதில் நீர் உள்ளே வரும். இணைப்பு ஒவ்வோர் இரவும் ஒரு முறை மூச்சுவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஒரு துளி நீர் குடிக்கிறது. உள்ளே சென்ற நீர் பையின் காரணமாகவே வெளியேற இயலாமல் தேங்குகிறது. நான் நீரைத் தடுக்கவில்லை, சேமித்திருக்கிறேன்!

இன்னொரு வழியும் உண்டு. பல இழைகள் முறுக்கிய கம்பியின் இழைகளுக்கு இடையே மயிரிழை போன்ற இடைவெளிகள் உள்ளன. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றில் நீர் ஏறிச் செல்லும். மேலும் மண்ணின் உப்புகள் கரைந்த நீர் செம்பை அரிக்கிறது. அரித்த இணைப்பில் மின்தடை மிகுகிறது. தடை மிகுந்தால் சூடு மிகுகிறது. சூடு மிகுந்தால் மூச்சும் மிகுகிறது. தீவினை தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

புதிய பொருள்கள்

1933-இல் இங்கிலாந்தில் கிப்சன், பாசெட் என்னும் வேதியியலார், உயரழுத்தச் சோதனை ஒன்றில் தற்செயலாக வெண்ணிற மெழுகுபோன்ற பொருள் ஒன்றைக் கண்டனர். அதுவே பாலிதீன். கட்டாபர்ச்சாவின் அரியணையில் அது அமர்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்பிகள் பெரும்பாலும் பாலிதீனும் பி.வி.சி.யும் போர்த்தின. ஆனால் அவையும் சாகாவரம் பெற்றவை அல்ல. உயரழுத்த வடங்களில் ஈரமும் மின்புலமும் சேர்ந்து, பாலிதீனுக்குள் மரக்கிளைபோல் நுண்ணிய நீர்வழிகளை உண்டாக்குவதை 1960-களின் இறுதியில் ஆய்வாளர் கண்டனர். இதற்கு நீர்மரம் என்றே பெயர்.

இணைப்புக்கு உதவிய புதுமை வேறொன்று. அமெரிக்கரான பால் குக் 1957-இல் தொடங்கிய நிறுவனம், கதிர்வீச்சால் பாலிதீனின் மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் முறையைத் தொழிலாக்கியது. அவ்வாறு பிணைத்த குழாயைச் சூடாக்கி விரித்து, விரித்த நிலையிலேயே குளிரவைத்தால் அப்படியே நிற்கும். மீண்டும் சூடாக்கினால் தன் பழைய அளவை நினைவுகூர்ந்து சுருங்கும். இணைப்பின்மேல் இதனை மாட்டிச் சூடுகாட்டினால், சட்டையாகச் சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. உட்புறம் உருகும் பசை தடவிய வகையானால், பசை இளகி இடுக்குகளை எல்லாம் நிரப்புகிறது. ரொனால்ட்ஸின் அகலக் குழாயும் மென்மெழுகும் மறுபிறவி எடுத்து வந்ததுபோல் இல்லையா?

வரலாறு தரும் விதிகள்

இருநூறு ஆண்டுப் பட்டறிவைச் சில விதிகளாகச் சுருக்கலாம்.

முதலாவது, மண்ணுக்குள் இணைப்பே வேண்டா. வீட்டிலிருந்து விளக்குவரை ஒரே துண்டாக, புதைப்பதற்கென்றே செய்த வடத்தை வாங்குங்கள். பணம் சற்றுக் கூடும், நோய்க்கு இடமிராது.

இரண்டாவது, இணைப்பு தவிர்க்க முடியாததானால், அதனைத் தரைக்கு மேலே, வெள்ளம் ஏறாத உயரத்தில், சுவரிலோ சிறு தூணிலோ மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கம்பி பெட்டிக்குள் கீழ்ப்புறமிருந்து நுழையட்டும்; வழியும் நீர் அப்போது கீழேயே சொட்டிவிடும்.

மூன்றாவது, புதைத்தே தீரவேண்டுமானால் வெற்றிடம் வைக்கக்கூடாது. வெறும் முறுக்கும் நாடாவும் போதா. கம்பிகளை உரிய குழல் இட்டு அழுத்தி இணைத்து, பசை தடவிய சுருங்கு குழாய் மாட்ட வேண்டும். அல்லது பெட்டியில் பிசின் ஊற்றி இறுக வைக்க வேண்டும். உள்கம்பிகளை மட்டுமன்றி, வெளியுறையையும் சேர்த்து மூட வேண்டும். மழைத்தூறலிலும் ஈரக்கையோடும் இவ்வேலையைச் செய்யவே கூடாது.

நான்காவது, பி.வி.சி. குழாய்க்குள் இட்டுவிட்டால் நீர் வராது என்று எண்ணாதீர்கள். குழாய் மண்வெட்டியின் வெட்டைத் தடுக்கும். அதனுள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகத் தேங்கும். புதைகுழாயில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது என்றே கொள்க. ஆழம் ஏறத்தாழ முக்கால் மீட்டராவது இருக்கட்டும். வடத்தின் மேலும் கீழும் மணல் இட்டு, மேலே செங்கல் அடுக்கி, சென்ற வழியை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பெர்லின் வடத்துக்கு நேர்ந்த கதி நினைவிருக்கட்டும்.

ஐந்தாவது, மிக இன்றியமையாதது. எவ்வளவு நன்றாகச் செய்த இணைப்பும் ஒரு நாள் தோற்கலாம் என்று எண்ணி, காவலன் ஒருவனை நிறுத்துங்கள். கசிவு மின்துண்டிப்பான் என்னும் கருவி அது, கடைகளில் ஆர்.சி.சி.பி. என்பார்கள். வீட்டிலிருந்து போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 100 போய் 99 வந்தால், அந்த ஒன்று எங்கோ மண்ணிலோ மனித உடலிலோ கசிகிறது என்று பொருள். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எடிசனிடம் இத்தகைய காவல் கருவி ஒன்று இருந்திருந்தால் அக்குதிரைகள் துள்ளியிரா. என்னிடம் இருந்திருந்தால் அந்தப் பசுவும் விழுந்திராது. மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்வியுங்கள். ஆனால் அருகில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். "நாடா சுற்றினால் போதும்" என்று அவர் சொன்னால், போதாது என்று சொல்லும் அறிவு இப்போது உங்களுக்கு உண்டு.

எங்கள் வாயில் விளக்கு இப்போது ஒரே துண்டு வடத்தில் எரிகிறது. அந்தப் பச்சை பூத்த செம்புத் துண்டை எறிந்துவிடாமல் என் மேசை மீது வைத்திருக்கிறேன். பசு மட்டும் நெடுநாள் எங்கள் வாயிலுக்கு வரவில்லை. சென்ற மாதம்தான் மீண்டும் வந்து நின்றது.

அடுத்த மழைக்கு முன், உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் வாயிலிலும் மண்ணுக்குள் செல்லும் கம்பி எங்கேனும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். இக்கட்டுரையைப் படித்ததற்கு அதுவே தக்க பயன்.